16 பேர், 4 கார், 2 இரவு: சாமுவேல் பி. டெய்லர் பூங்காவில் குடும்பங்களோடு கேம்பிங்

"அடுத்த மாசம் எங்கயாவது கேம்பிங் போலாமா?" என்று ஜூன் மாதத்தில் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்பார். பதினைந்து கட்டைவிரல் விழும். பிறகு முன்பதிவுத் தளத்தைத் திறந்து பார்த்தால், சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவைச் சுற்றியுள்ள எந்த ஸ்டேட் பார்க்கிலும் சனிக்கிழமை இரவுக்கு டென்ட் போட ஒரு சைட்கூட இருக்காது. எங்களுக்கு முதல் வருடம் இப்படித்தான் போனது. இரண்டாம் வருடம் இடம் கிடைத்தது, ஆனால் சைட் கணக்கு தப்பிவிட்டது. மூன்றாம் வருடம்தான் பயணம் பயணமாக அமைந்தது. அந்த மூன்று வருடப் பாடத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

எடுத்துக்கொண்டது மாரின் கவுன்ட்டியில் உள்ள சாமுவேல் பி. டெய்லர் ஸ்டேட் பார்க். சான் ரஃபேலிலிருந்து மேற்கே 15 மைல். ரெட்வுட் மரங்கள், ஓர் ஓடை, ஏறிப் பார்க்க ஒரு மலை, கார் பக்கத்திலேயே டென்ட். குழந்தைகளோடு முதல்முறை போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். வேறு கலிஃபோர்னியா ஸ்டேட் பார்க்குக்குப் போனாலும் முன்பதிவு முறை இதேதான்.

1. முதலில் தலைகளை எண்ணுங்கள்

ஒரு சைட்டுக்கு 8 பேர் வரைதான். கைக்குழந்தையும் ஒரு தலைதான். "சின்னக் குழந்தைதானே" என்று கணக்கில் விடாதீர்கள். கார் பொதுவாக இரண்டு வரை. கட்டணத்தில் ஒரு கார் அடங்கும், இரண்டாவதுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

நான்கு குடும்பம், 16 பேர் என்றால் இரண்டு சைட் போதுமே என்று தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. ஆள் கணக்கில் சரி, ஆனால் இரண்டு பெரிய டென்ட் போட்டதும் சைட்டில் சமதரை தீர்ந்துவிட்டது. மூன்றாவது டென்ட் சரிவில் நின்றது. அதில் படுத்தவர்கள் இரவெல்லாம் ஒருவர்மேல் ஒருவர் உருண்டுகொண்டே இருந்தார்கள். 16 பேருக்கு மூன்று சைட் எடுங்கள்.

இதைவிட முக்கியம், யார் வருகிறார்கள் என்பது. "பார்க்கலாம்" என்றால் வரவில்லை என்று அர்த்தம். "ட்ரை பண்றோம்" என்றாலும் அதேதான். முன்பதிவுக்கு முன்பே குடும்பத்துக்கு 50 டாலர் வாங்கிவிடுங்கள். பணம் கொடுத்தவர் மட்டும் கணக்கில். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் கடைசி வாரத்தில் இரண்டு குடும்பம் கழன்றுகொண்டு, மீதிப்பேர் காலி சைட்டுக்குக் காசு கட்டும்போது வருகிற மனஸ்தாபத்துக்கு அந்தக் கூச்சம் எவ்வளவோ மேல்.

குழு 20 பேரைத் தாண்டினால் குரூப் சைட் பாருங்கள். இந்தப் பூங்காவில் மட்ரோன், டெவில்ஸ் கல்ச் என்று இரண்டு பகுதிகளில் இருக்கின்றன. எத்தனை பேர் வந்தாலும் இரவுக்கு ஒரே தொகை என்பதால், பாதிப்பேர் வராவிட்டாலும் முழுப் பணமும் போகும். உறுதியான கூட்டம் இருந்தால் மட்டும் எடுங்கள்.

2. மாதம்

ஏப்ரல் கடைசி முதல் மே முடிய என் ஓட்டு. மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், அருவியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருக்கும், மலையுச்சியில் புல் பச்சையாக இருக்கும். ஜூலை, ஆகஸ்ட் என்றால் பள்ளி விடுமுறைக் கூட்டத்தோடு போட்டி, கூடவே பசிபிக் பக்கமிருந்து வரும் மூடுபனி. செப்டம்பர், அக்டோபரில் வெயில் நன்றாக இருக்கும், ஆனால் அது காட்டுத்தீப் பருவம். நெருப்பு மூட்டத் தடை வரலாம். சாப்பாட்டு நேரத்தில் மஞ்சள் குளவிகளும் தட்டைச் சுற்றி வரும்.

3. முன்பதிவு: ஆறு மாதம் முன்பு, காலை 8 மணி

எல்லாம் ரிசர்வ் கலிஃபோர்னியா தளத்தில்தான். நீங்கள் போய் இறங்கும் தேதிக்குச் சரியாக ஆறு மாதம் முன்பு, பசிபிக் நேரம் காலை 8 மணிக்குக் கதவு திறக்கும். மே 15 வெள்ளிக்கிழமை போக வேண்டுமானால் நவம்பர் 15 காலை 8 மணி. அன்று ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை என்றெல்லாம் பார்க்காது. கணக்கு இறங்கும் நாளை வைத்துத்தான். எனவே வெள்ளி, சனி இரண்டு இரவும் அந்த ஒரே காலையில் எடுத்துவிடலாம்.

முந்தின இரவே செய்ய வேண்டியவை:

- மூன்று பேர் தனித்தனிக் கணக்கு தொடங்கி, உள்ளே நுழைந்து பார்த்துவிடுங்கள். 7:58-க்குக் கடவுச்சொல் மறந்தவரை நான் பார்த்திருக்கிறேன்.
- ஒவ்வொருவருக்கும் ஒரு சைட் எண், கூடவே இரண்டு மாற்று எண்கள் பிரித்துக் கொடுங்கள். மூன்று பேரும் ஒரே சைட்டை அமுக்கினால் ஒருவருக்குத்தான் கிடைக்கும்.
- கிரெடிட் கார்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் எல்லோரும் ஒரு ஃபோன் அழைப்பில் இருங்கள். ஒருவர் கார்ட்டில் போட்டதும் எண்ணைச் சொல்லட்டும், மற்றவர் பக்கத்து எண்ணுக்குப் போகட்டும். பிடித்த வார இறுதி என்றால் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

எந்தச் சைட்? க்ரீக்சைட், ஆர்ச்சர்ட் ஹில் என்று சைட்கள் அடங்கிய இரண்டு வளையங்கள். க்ரீக்சைட் ஓடையோரம். பெயருக்கு மயங்கிப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: சர் ஃபிரான்சிஸ் டிரேக் சாலையும் அதே பக்கம்தான் போகிறது. இரவில் கார் சத்தம் கேட்கும். ஆர்ச்சர்ட் ஹில் கொஞ்சம் மேட்டில் இருக்கிறது. கழிப்பறைக்கு மிக அருகில் எடுக்காதீர்கள். இரவு முழுக்க விளக்கு, கதவுச் சத்தம், டார்ச் வெளிச்சம் டென்ட்டின் மேல். இரண்டு சைட் தள்ளி என்றால் நல்லது. படத்தில் அடுத்தடுத்து இருப்பவை நேரில் ஒன்று மேட்டிலும் மற்றது பள்ளத்திலும் இருக்கலாம். தளத்தில் உள்ள சைட் படங்களை முன்பே பார்த்துவிடுங்கள்.

கிடைக்கவில்லையா? தளத்திலேயே இடம் காலியானால் தகவல் அனுப்பும் வசதி உண்டு, போட்டு வையுங்கள். பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு நிறையப் பேர் ரத்து செய்வார்கள். ஒரு சைட் அப்படிக் கிடைத்துவிடும். மூன்று சைட் கிடைக்காது. அதனால்தான் நவம்பரிலேயே எழுந்து உட்காரச் சொல்கிறேன். இல்லாவிட்டால் ஞாயிறு இரவு, திங்கள் இரவு என்று மாற்றிப் பாருங்கள். காடு வெறிச்சோடி இருக்கும்.

4. எவ்வளவு ஆகும்

நாங்கள் போனபோது சைட்டுக்கு இரவுக்கு 35 டாலர். மூன்று சைட், இரண்டு இரவு, 210. ஒவ்வொரு முன்பதிவுக்கும் 8 டாலர் சொச்சம் சேவைக் கட்டணம், மூன்றுக்கும் சேர்த்து 25. நான்காவது காருக்கு இரண்டு இரவும் சேர்த்து 20 பக்கம். ஆக 255. குடும்பத்துக்கு 64 டாலர். விறகு, மளிகை, ஐஸ் எல்லாம் சேர்த்தால் குடும்பத்துக்கு 125-ஐ ஒட்டி வரும். ஓர் இரவு மோட்டல் வாடகைகூட இல்லை.

அந்தச் சேவைக் கட்டணம் ரத்து செய்தால் திரும்பாது. கடைசி நாட்களில் ரத்து செய்தால் அதற்கு மேலும் பிடிப்பார்கள். பணம் கட்டும் முன் ரத்து விதியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போடுங்கள், பின்னால் யாரும் உங்களைக் கேள்வி கேட்க மாட்டார்கள்.

கழன்றுகொண்டவர்களுக்கு என்ன கணக்கு என்பதையும் அன்றே பேசிவிடுங்கள். சைட் பணம் எல்லோருக்கும் பொது, வந்தாலும் வராவிட்டாலும். சாப்பாட்டுச் செலவு வந்தவர்களுக்கு மட்டும். செலவுகளை ஸ்ப்ளிட்வைஸ் என்னும் செலவு பிரிக்கும் செயலியில் உடனுக்குடன் போடுங்கள். "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று விட்ட 38 டாலர் கோழி ஒன்று எங்கள் குழுவில் இன்னும் யார் கணக்கிலும் ஏறாமல் நிற்கிறது.

பெரிய கூடாரச் சாமான்களை முதல் பயணத்துக்கே வாங்க வேண்டாம். ஆர்.இ.ஐ. கடைகள் சிலவற்றில் டென்ட், ஸ்லீப்பிங் பேக் வாடகைக்குக் கிடைக்கும். அதைவிட, வாங்கி ஒருமுறை பயன்படுத்திவிட்டு கராஜில் போட்டு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் எல்லோருக்கும் இருப்பார்.

5. கையில் இருக்க வேண்டியவை

- முன்பதிவு உறுதிச்சீட்டு, காகிதத்தில் அச்சிட்டு. பூங்காவில் ஃபோன் சிக்னலை நம்ப முடியாது. மின்னஞ்சலில் இருக்கிறது என்று சொல்லி நுழைவாயிலில் ஃபோனைத் தேய்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.
- முன்பதிவு யார் பெயரிலோ அவர், அவருடைய டிரைவிங் லைசென்ஸோடு. எங்கள் இரண்டாம் வருடத்தில் இரண்டு சைட்டும் ஒருவர் பெயரில். அவர் ஆஃபீஸ் மீட்டிங்கில் மாட்டிக்கொண்டு இரவு எட்டரைக்கு வந்தார். நாங்கள் ஐந்து மணியிலிருந்து பசித்த பிள்ளைகளோடு வாசலில் காத்திருந்தோம். ஆளுக்கொரு சைட் என்று பிரிப்பதற்கு இதுவே காரணம்.
- எல்லாக் கார்களின் பதிவெண்களும் ஒரு சீட்டில்.
- கொஞ்சம் ரொக்கம், 25 சென்ட் நாணயங்கள். விறகு வாங்க ஒன்று, ஷவருக்கு மற்றது.

ஸ்டேட் பார்க் வருடாந்திர பாஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அது பகல்நேர வருகைக்கு மட்டும். கேம்பிங் கட்டணத்துக்கோ கூடுதல் காருக்கோ செல்லாது. சனிக்கிழமை பகலில் மட்டும் வந்துபோகும் நண்பர்களுக்கு உதவும்.

6. சாமான் மூட்டை

டென்ட்டில் "6 பேர்" என்று போட்டிருந்தால் 4 பேர் என்று படியுங்கள்.

எல்லோரும் தவறு செய்வது குளிரில்தான். ஃப்ரீமான்ட்டில் 80 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் கிளம்பி, இரவு 50 டிகிரிக்குக் கீழே நடுங்குவோம். ரெட்வுட் நிழலில் சூரியன் சீக்கிரமே மறைந்துவிடும். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்து ஏறுவதுதான் அதிகம். இரண்டு கம்பளி போர்த்தினாலும் அடியில் மெத்தை இல்லாவிட்டால் தூக்கம் வராது. காற்றடித்த மெத்தையும் தனியாகப் போதாது, உள்ளே இருக்கும் காற்றே சில்லிட்டுவிடும். அதன்மேல் ஒரு கம்பளம் விரியுங்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் அவர்களுக்குக் குல்லா, சாக்ஸ் இரண்டு ஜோடி. பூங்காவில் சில கேபின்களும் உண்டு. வயதானவர்களுக்கு அதில் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள்.

காலையில் டென்ட் மழை பெய்ததுபோல நனைந்திருக்கும். மேல்விரிப்பைக் காற்றுக்காகக் கழற்றிவிட்டுப் படுக்காதீர்கள்.

தலையில் மாட்டும் விளக்கு ஆளுக்கொன்று. குழந்தைகளுக்கும். கார் கதவைத் திறந்து வைத்து அதன் வெளிச்சத்தில் சமைக்கிற பழக்கம் வேண்டாம். மறுநாள் வண்டி கிளம்பாது, உதவிக்கு அழைக்கச் சிக்னலும் இருக்காது. பேட்டரிக்கு உயிர் கொடுக்கும் கேபிள் நான்கு காரில் ஒன்றிலாவது இருக்கட்டும்.

விறகை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவராதீர்கள். இந்த வட்டாரத்து ஓக் மரங்களை ஒரு நோய் கொன்றுகொண்டிருக்கிறது. விறகோடு நோயும் பூச்சியும் ஊர்விட்டு ஊர் போகும். பூங்காவிலேயே கட்டாக விற்பார்கள், இரவுக்கு இரண்டு கட்டு போதும். கீழே கிடக்கும் சுள்ளியைப் பொறுக்கவும் தடை.

7. சாப்பாடு

முதல் இரவு அடுப்புப் பற்றவைக்கும் திட்டமே போடாதீர்கள். டென்ட் அடிப்பதற்குள் இருட்டிவிடும். வீட்டிலேயே கிளறிய புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், தயிர் சாதம். அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் காலை இரட்டை பர்னர் கேஸ் அடுப்பில் தோசை வார்க்கலாம். மாவை ஐஸ் பெட்டியின் அடியில் வையுங்கள், மாவுப் பாத்திரத்தின் மூடியை இறுக்க மூடாதீர்கள். பாதிப் பொங்கிய மாவு ஐஸ் பெட்டி முழுக்க வழிந்த கதை எங்களிடம் உண்டு. டிகாக்ஷனை வீட்டிலேயே இறக்கிப் புட்டியில் கொண்டுபோய்விட்டால் காலை ஆறரைக்குக் காபி. 16 பேருக்கு ஒரு பர்னரில் தோசை என்பது இரண்டு மணிநேர வேலை என்பதையும் நினைவில் வையுங்கள். எங்களுக்கு இப்போது காலை உப்புமா, ஆசைக்குப் பிள்ளைகளுக்கு மட்டும் தோசை.

இரவில் நெருப்பில் சுடுவதற்கு மசாலா தடவிய கோழி, சோளக்கதிர், பனீர். கோழியை உறைய வைத்தே கொண்டுபோங்கள், அதுவே பெட்டிக்கு இன்னொரு ஐஸ்.

ஒவ்வொரு சைட்டிலும் உணவு லாக்கர் இருக்கும். இரவில் எல்லா உணவும், பற்பசை உட்பட, அதற்குள். இந்தப் பூங்காவின் ரக்கூன்கள் கெட்டிக்காரத் திருடர்கள். ஐஸ் பெட்டியின் மூடியைக் கையால் திறக்கும். நாம் மேசையைவிட்டு இருபதடி போனால் போதும்.

பாத்திரத்தைக் குடிநீர்க் குழாயடியில் கழுவக் கூடாது. இரண்டு பெரிய டப் கொண்டுபோங்கள். எண்ணெய்ப் பாத்திரத்தை முதலில் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் பிறகு கழுவுங்கள். காலியான சிறிய புரொப்பேன் உருளைகளைக் குப்பைத் தொட்டியில் போடாமல் வீட்டுக்கே எடுத்து வாருங்கள்.

8. வெள்ளிக்கிழமை

செக்-இன் பகல் 2 மணி. நாலு மணிக்கு ஆஃபீஸிலிருந்து கிளம்பலாம் என்று நினைத்தால் ரிச்மண்ட் பாலத்து நெரிசலிலேயே சூரியன் மறைந்துவிடும். குடும்பத்துக்கு ஒருவராவது அரைநாள் விடுப்புப் போட்டு ஒரு மணிக்குள் கிளம்புங்கள்.

ஃபேர்ஃபாக்ஸ் ஊரில் எல்லாக் கார்களும் நிற்கட்டும். பெட்ரோல், ஐஸ், மறந்துபோன பால். "வந்துட்டோம்" என்று ஊருக்குச் சொல்லவேண்டிய அழைப்புகளும் அங்கேயே. மலைப்பாதை வரைபடத்தை ஃபோனில் இறக்கிக்கொள்ளுங்கள். அதன்பின் சாலை வளைந்து வளைந்து போகும். வாந்தி எடுக்கும் பிள்ளையை முன்கூட்டியே கவனியுங்கள்.

இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். பத்து மணிக்குப் பிறகு அந்தாக்ஷரி கிடையாது. 16 பேர் கிசுகிசுத்தாலே பக்கத்து சைட்டில் கேட்கும்.

9. சனிக்கிழமை: பார்னபி மலை

உயரம் 1,466 அடி. பார்த்தால் சிறுசு, ஆனால் கிட்டத்தட்டக் கடல் மட்டத்திலிருந்து ஏறுகிறோம். டெவில்ஸ் கல்ச்சில் தொடங்கி பில்ஸ் டிரெயில் வழியாக ஏறுங்கள். நிழல், சிறு பாலங்கள், மூச்சு வாங்காத சரிவு. வழியில் ஒரு கிளைப்பாதை ஸ்டேர்ஸ்டெப் அருவிக்குப் போகும். மே மாதத்தில் அது மெல்லிய இழையாகத்தான் விழும், குற்றாலத்தை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். உச்சியை நெருங்கும்போது மரங்கள் விலகிப் புல்வெளி வரும். மேலே தீக்கண்காணிப்புக் கூண்டு. மூடுபனி இல்லாத நாளில் டொமாலஸ் விரிகுடா தெரியும்.

இறங்குவதற்கு ஃபயர் ரோடு என்னும் மண்சாலையும் உண்டு. தூரம் குறைவு, ஆனால் செங்குத்து, வெயில், சரளை. முழங்கால் பழுதானவர்களும் குழந்தைகளும் வந்த வழியே திரும்புவது நல்லது. சுற்றாகப் போனால் ஏறக்குறைய 6 மைல். பெரியவர்களுக்கு மூன்று மணிநேரம், குழுவோடு ஐந்து. காலை எட்டரைக்கு நடக்கத் தொடங்குங்கள்.

குழுவாக நடக்கும்போது முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று பெயர் சொல்லி நியமியுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் முன்னவர் நின்று, கடைசி ஆள் வரும்வரை எண்ண வேண்டும். மலைச்சிங்கம் உலவும் காடு. பிள்ளைகளை முன்னால் ஓடவிடாதீர்கள். பகல் ஒரு மணி எங்கே ஆனாலும் திரும்புவது என்று கிளம்பும்போதே பேசிவிடுங்கள். மேலே போய் வாதாட வேண்டாம். பாதையில் தண்ணீர் கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர்.

பாய்சன் ஓக் செடியை எல்லோருக்கும் முதலிலேயே காட்டிவிடுங்கள். மூன்று மூன்றாகப் பளபளக்கும் இலைகள், பாதையின் இருபுறமும். பட்டால் ஓரிரு வாரமாவது அரிக்கும். முழுக்கால் சட்டை போடுங்கள், திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உண்ணி இருக்கிறதா என்று காதுமடல், அக்குள், முழங்கால் மடிப்பில் பாருங்கள்.

மலை வேண்டாம் என்பவர்களுக்கு ஓடையோரம் கிராஸ் மாரின் டிரெயில் இருக்கிறது. ஸ்ட்ரோலர் தள்ளிப் போகலாம், பாட்டி தாத்தாவும் நடக்கலாம். ஓடையில் மீன் பிடிக்கக் கூடாது. கோஹோ சால்மன் முட்டையிடும் ஓடை அது.

10. ஞாயிறு

செக்-அவுட் பகல் 12 மணி. 16 பேர் மூட்டை கட்ட மூன்று மணிநேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெருப்புக் குழியில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் வைத்துச் சூடில்லை என்று பார்த்த பிறகே கிளம்புங்கள். ஈர டென்ட்டை அப்படியே பையில் திணித்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். அன்று மாலையே பால்கனியிலோ கராஜிலோ விரித்துக் காயவிடுங்கள்.

பாலத்துச் சுங்கம் பற்றி ஒன்று. ரிச்மண்ட் பாலத்தில் மேற்கே போகும்போது மட்டும் வசூல், கோல்டன் கேட்டில் தெற்கே வரும்போது மட்டும். சன்னிவேல், சான் ஹோசே பக்கத்துக்காரர்கள் போகும்போது சான் ஃபிரான்சிஸ்கோ வழியாக கோல்டன் கேட் ஏறி, வரும்போது ரிச்மண்ட் பாலம் இறங்கி 880 நெடுஞ்சாலையைப் பிடித்தால் இரண்டு பக்கமும் சுங்கம் இல்லை. ஃப்ரீமான்ட்காரர்களுக்கு இந்த வழி சுற்று, அந்தக் காசைப் பேசாமல் கட்டிவிடுங்கள்.